கசப்பு மிட்டாய்

கோவில்பட்டியில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், காகிதம் சுற்றி வந்த மிட்டாய் எல்லாமே சாக்லேட்தான். கல்கோனாவும் தேன்மிட்டாயும் மிட்டாய். இரண்டு முனையும் முறுக்கிய தாளுக்குள் இருந்துவிட்டால் அது சாக்லேட். பிறந்தநாள் கொண்டாடும் பையன் கலர்ச் சட்டை போட்டுக்கொண்டு, டப்பாவை நீட்டியபடி பெஞ்சு பெஞ்சாக வருவான். பிள்ளைகளுக்கு ஒன்று, வாத்தியாருக்கு இரண்டு. எனக்குக் கிடைத்ததை நான் அங்கேயே தின்ன மாட்டேன். கால்சட்டைப் பையில் இளகி, தாளோடு ஒட்டிக்கொண்டு அது வீடு வந்து சேரும். வாசலில் மணி காத்திருப்பான். பல்லால் இரண்டாகக் கடித்து ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அவனுக்கு.

சிப்பிப்பாறை எங்கள் ஊருக்குத் தொலைவில் இல்லை. அந்த ஜாதி நாய்கள் முயல்வேட்டைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தன. மணி தெருவில் பிறந்தவன். ஆனாலும் முன்னோர் யாரோ ஒருவர் அவனுக்கு அந்த நீண்ட கால்களையும் ஒட்டிய வயிற்றையும் விட்டுப் போயிருந்தார். செவலை நிறம். வலது காதின் நுனி மட்டும் மடிந்திருக்கும். காலையில் பழைய சோறு, ராத்திரி மீந்த குழம்புச் சோறு, ஞாயிற்றுக்கிழமை எலும்பு. இவைதான் அவன் சாப்பாடு. இதற்குமேல் அவனுக்குக் கிடைத்த விசேஷமெல்லாம் நான் பாதி கடித்துக் கொடுத்ததுதான்.

ஆச்சிக்கு அது பிடிக்காது. "நாய்க்கு இனிப்புப் போடாதய்யா, முடி கொட்டிப்போகும், சொறி பிடிக்கும்" என்று திண்ணையிலிருந்து சத்தம் போடுவாள். வெல்லம், சீனி, அதிரசம் எதுவும் ஆகாது என்பது அவள் கட்சி. நெய்யும் ஆகாது. நாய் வயிற்றில் நெய் தங்காது என்பாள். நான் மணியைப் பிடித்து உட்காரவைத்து முடியை விலக்கி விலக்கிப் பார்ப்பேன். பளபளவென்று இருக்கும். ஒரு சொறியும் இல்லை. அப்பாவும் என் பக்கம். "எத்தனை சாக்லேட் தின்னுருக்கான், என்ன ஆச்சு அவனுக்கு?" என்பார்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குக் கிடைக்க நாற்பது வருஷம் பிடித்தது. மணி அதுவரை தின்றது சாக்லேட்டே இல்லை. சீனிப்பாகு, குளுக்கோஸ், கொஞ்சம் பால்பொடி, சாயம், வாசனை. பத்துப் பைசாவுக்கு எங்கள் தெருமுனைக் கடையில் விற்ற அந்த மிட்டாயில் கோகோவின் வாடைகூட இருந்ததில்லை. பெயர் மட்டும் சாக்லேட். அந்தப் பெயரை நம்பி, நாய்க்குச் சாக்லேட் ஒன்றும் செய்யாது என்று எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். வறுமைதான் எங்கள் நாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை.

1984-ஆம் வருஷம், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பெரிய பையும் உப்புக் காற்றில் கறுத்த முகமுமாக வந்து இறங்குவார். அந்தத் தடவை பையில் சோப்பு, செண்டு, எனக்கு ஒரு பேனா, அப்புறம் வெள்ளித்தாள் சுற்றிய இரண்டு பெரிய கட்டிகள். ஒவ்வொன்றும் கால் கிலோ இருக்கும். "இதுதான்டா அசல் சாக்லேட்" என்றார் மாமா. கப்பல் சமையலறையில் கேக்கு செய்ய வைத்திருப்பார்களாம்.

தாளைப் பிரித்ததும் வந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நல்ல கறுப்பு. உடைத்தால் 'டக்' என்று முறிந்தது. வாயில் போட்டதும் என் முகம் கோணியது. கசப்பு. அடியில் எங்கோ ஓர் இனிப்பு இருந்தது, ஆனால் முன்னால் வந்து நின்றது கசப்புத்தான். தங்கச்சி துப்பிவிட்டாள். ஆச்சி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சீக்குக்குத் திங்கிற மருந்து மாதிரில்லா இருக்கு" என்றாள். மாமாவின் மனம் நோகக் கூடாது என்று அம்மா மட்டும் ஒரு துண்டை முழுதாகத் தின்றாள்.

வெளிநாட்டுச் சாமான் வந்தால் தெருவுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஒரு கட்டியை அம்மா உடைத்து, வீட்டுக்கு இரண்டு துண்டு என்று தட்டில் வைத்து அனுப்பினாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் திண்ணையில் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசைக் கையைப் பாவாடை ஓரத்தில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம். வீட்டில் இன்னொரு கட்டி சீந்துவார் இல்லாமல் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். மணி வந்து முழங்காலில் தாடையை வைத்தான். ஒரு துண்டு உடைத்துப் போட்டேன். அவனுக்குக் கசக்கவில்லை. கண்ணை மூடி மென்றான். நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். இன்னொன்று போட்டேன். எங்களுக்குப் பிடிக்காத அசல் சாக்லேட் அவனுக்காவது பிடித்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். முதல்முறையாக அவனுக்குப் பாதி கொடுக்காமல் முழுதாகக் கொடுத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் கட்டியில் கால்பங்குதான் மிச்சம் இருந்தது.

ராத்திரி பத்து மணிக்குமேல் அவன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான். மாட்டுத் தொட்டியில் போய்த் தண்ணீர் குடித்தான். வந்து வாந்தி எடுத்தான். மறுபடி தண்ணீர். நாக்கு தொங்க இரைத்தான். நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே யாரோ ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பது போல இருந்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். வெறியாக இருக்குமோ என்று அவருக்குப் பயம். அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. குன்னூரிலிருந்து மருந்து வரும் என்பதும், ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாய் சம்பந்தமான வைத்தியம் என்று நாங்கள் அறிந்திருந்தது அது ஒன்றுதான். அது நாயிடமிருந்து மனிதனைக் காப்பாற்றுகிற வைத்தியம். நாயைக் காப்பாற்றுகிற வைத்தியம் ஒன்று உண்டு என்பதே எங்கள் நினைப்பில் இல்லை.

மணியைக் கொல்லைத் தூணில் கட்டிப்போட்டார்கள். அவன் வீட்டு எல்லைக்குள் ஒருநாளும் மூத்திரம் போனதில்லை. அன்று ராத்திரி வெளியே போகக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். யாரும் அவிழ்க்கவில்லை. ஆச்சிதான் கடைசியில் விளக்கோடு வந்து பார்த்தாள். "வெறியில்ல, மருந்து வச்சுட்டாக" என்றாள். புளியைக் கரைத்து, அப்பா வாயைப் பிளக்க, அவள் கொட்டாங்கச்சியால் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது. மாட்டாஸ்பத்திரி ஒன்று ஊரில் இருந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், ஆட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தெருநாய்க்கு நடுராத்திரியில் டாக்டரை எழுப்புவது என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

விடியற்காலம் வலிப்பு வந்தது. கால்கள் ஓடுவதுபோல் காற்றில் உதைத்தன. நின்றது. மறுபடி வந்தது. பால்காரர் மணி அடிக்கும்போது அவன் அடங்கிவிட்டான்.

மருந்து வைத்தது யார் என்பதில் எங்கள் வீட்டில் சந்தேகமே எழவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் முட்டைக்கோழியை மணி பிடித்துவிட்டான். இறகோடு தெருவில் நின்று, "ஒருநாள் பாரு, மருந்து வைக்கேனா இல்லையான்னு" என்று அவர்கள் கத்தியதைத் தெருவே கேட்டது. தீப்பெட்டித் தொழில் நடக்கிற ஊரில் 'மருந்து' என்றாலே குச்சியில் முக்குகிற மருந்துதான். அவர்கள் வீட்டில் ஒட்டியது வெறும் அட்டைக்கூடு. மருந்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கோபத்தில் அதை யார் யோசிப்பார்கள்? அம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அன்று சாயங்காலமே செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தார்கள். "நான் வைக்கல. வச்சிருந்தா எம் பிள்ளைக நல்லாருக்க வேண்டாம்."

எங்கள் வீட்டில் அதை நம்பவில்லை. பொய்ச் சத்தியம் செய்கிறவளுக்குப் பிள்ளை பெரிதா என்றார்கள். பேச்சு நின்றது. இந்த வீட்டு முருங்கைக்காய் அந்த வீட்டுக்குப் போவது நின்றது. அவர்கள் மகளின் சடங்குக்கு நாங்கள் போகவில்லை. என் தங்கச்சி கல்யாணத்துக்கு நாங்கள் பத்திரிகை வைக்கவில்லை. ஆச்சி 1996-இல் இறந்தபோது அந்தப் பெரியம்மா தன் வாசல் நடையில் நின்று, பாடை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீர்மாலைக்கு வரவில்லை. வந்திருந்தால் எங்களில் யாராவது ஏதாவது சொல்லியிருப்போம்.

இது அப்போது.

இப்போது நான் சென்னையில் நான்காம் மாடியில் இருக்கிறேன். என் மகள், இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில், தெருவில் நனைந்துகொண்டிருந்த ஒரு குட்டியைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். வெள்ளை நாய், நெற்றியில் ஒரு கறுப்பு வட்டம். பொட்டு என்று பெயர். பொட்டுவுக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது. எடைக் கணக்கு இருக்கிறது. சோபாவில் இடம் இருக்கிறது. மணி ஒருநாளும் எங்கள் வீட்டு நடைக்கு உள்ளே வந்ததில்லை. பொட்டுவோ அடுப்படியில் காலடியிலேயே படுத்திருப்பாள். அந்த நெருக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. அன்று நாய் வெளியே இருந்தது, சாக்லேட் ஊரிலேயே இல்லை. இன்று இரண்டும் ஒரே சமையலறையில் இருக்கின்றன.

வீட்டுக்குள் சாக்லேட் எப்படியெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று யோசித்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. தீபாவளிக்கு லட்டும் மிக்சரும் வந்த இடத்தில் ரிப்பன் கட்டிய சாக்லேட் பெட்டி வருகிறது. சர்க்கரை வியாதிக்காரரான என் நண்பர், எழுபது சதவீதம், எண்பத்தைந்து சதவீதம் என்று போட்ட கறுப்புக் கட்டியைத் தினம் இரண்டு துண்டு தின்கிறார். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் கோகோவை ஊடுபயிராகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காயிலிருந்தே நல்ல சாக்லேட் செய்கிறவர்கள் நம் ஊரில் வந்துவிட்டார்கள். கொரோனா அடைப்புக் காலத்தில் என் மகள் கேக்கு செய்யக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் சர்க்கரை சேர்க்காத கோகோ தூள் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும். அன்று மாமா ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்த அந்தக் கசப்பு, இன்று கைபேசியில் கேட்டால் அரைமணி நேரத்தில் வாசலுக்கு வருகிறது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் தோழியின் பிறந்தநாளுக்குப் பிரௌனி செய்ய எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு, கதவில் மணி அடித்தது என்று போனாள். திரும்பி வந்தபோது தரையெல்லாம் பழுப்புத் தூள். பொட்டுவின் வெள்ளை முகம் மூக்கிலிருந்து கண்வரை பழுப்பு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மகள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போய்விட்டது. "அப்பா, வண்டிச் சாவியை எடுங்க" என்றாள்.

போகிற வழியிலேயே மருத்துவமனைக்குப் பேசினாள். அங்கிருந்து கேட்ட கேள்விகளை நான் மறக்கவே மாட்டேன். எத்தனை கிலோ நாய்? எந்த வகைச் சாக்லேட்? எத்தனை கிராம்? தின்று எத்தனை நிமிஷம் ஆச்சு? பொட்டலத்தை எடுத்துக்கிட்டு வாங்க. வீட்டில் உப்புத் தண்ணியோ வேறெதுவோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்பே தனியாக ஆபத்து. அவ்வளவுதான். பயமுறுத்தவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை. எடை, வகை, அளவு, நேரம். இந்த நான்கில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மருத்துவர் என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்த பெண். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். பழுப்பாக வந்தது. பிறகு வயிற்றில் மிச்சம் இருப்பதைப் பிடித்துக்கொள்ள மருத்துவக் கரித்தூளைக் கரைத்துக் கொடுத்தார். முன்னங்காலில் டிரிப் ஏறியது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது சார். உள்ளே போனதை எடுக்கணும், மிச்சத்தை உடம்பு வெளியேத்துற வரைக்கும் இதயத்தையும் நரம்பையும் நாம பார்த்துக்கணும். அவ்வளவுதான் வைத்தியம்" என்றார்.

ராத்திரி முழுக்க அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஓய்வாக வந்து உட்கார்ந்தபோதெல்லாம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கோகோவில் தியோபுரோமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. காபியில் உள்ள கஃபீனுக்குக் கூடப்பிறந்தது போன்றது. கஃபீனும் கொஞ்சம் கூடவே இருக்கும். லின்னேயஸ் 1753-இல் கோகோ மரத்துக்குத் தியோபுரோமா என்று பெயர் வைத்தார். கடவுளரின் உணவு என்று பொருள். அந்த மரத்தின் கொட்டையிலிருந்து 1841-இல் இந்தக் கசப்பைப் பிரித்தெடுத்தபோது அதே பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். நாம் தின்றால் ஏழெட்டு மணி நேரத்தில் அதில் பாதி உடம்பில் கரைந்துபோகும். நாயின் உடம்பில் பாதி குறையவே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை இதயத்தையும் நரம்புகளையும் அது விரட்டிக்கொண்டே இருக்கும். 'ஓய்வெடு' என்று உடம்பு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சேதியை அது போய்ச் சேரவிடாமல் மறித்துவிடுகிறது. அதனால்தான் நாய் படுக்க முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

"தின்ன உடனே ஒண்ணும் தெரியாது சார். ஆறு மணி நேரம், பன்னெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் முழுசா ஆரம்பிக்கும். அதனால நிறையப் பேரு நல்லாத்தான இருக்குன்னு விட்டுடுவாங்க. முதல்ல தாகம், வாந்தி, நிலைகொள்ளாம நடக்கிறது. அப்புறம் இரைப்பு, அடிக்கடி மூத்திரம், படபடப்பு. கடைசியா நடுக்கம், வலிப்பு."

என் கை சில்லென்று ஆனது. மாட்டுத் தொட்டி. கொல்லைக்கும் வாசலுக்கும் நடை. நெஞ்சுக்குள் தட்டிய தட்டு.

நான் மணியின் கதையைச் சொன்னேன். மகள் அதுவரை அதைக் கேட்டதில்லை. மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மேசைமேல் இருந்த ஒரு சீட்டை எடுத்தார். நாய் எவ்வளவு இருக்கும்? பதினைந்து கிலோ என்று வையுங்கள். கறுத்த சாக்லேட், கிராமுக்கு ஐந்து மில்லிகிராம் தியோபுரோமின். எவ்வளவு தின்றது? கால் கிலோவில் முக்கால் பங்கு, ஏறத்தாழ 190 கிராம். மொத்தம் 950 மில்லிகிராம். பதினைந்தால் வகுத்தால் கிலோவுக்கு 63. கிலோவுக்கு 20 என்றால் தொந்தரவு தொடங்கும். 40, 50-இல் இதயம் தடுமாறும். 60-இல் வலிப்பு.

சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "நாப்பது வருஷம் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாது சார். ஆனா நீங்க சொல்ற அறிகுறியும் இந்தக் கணக்கும் ஒண்ணோடொண்ணு பொருந்துது."

கட்டிப்போட்டதைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். தியோபுரோமின் மூத்திரப்பையின் சுவர் வழியாகத் திரும்ப ரத்தத்துக்குள் போகக்கூடியது என்றார். அதனால்தான் இந்த நோயாளிகளுக்குப் பையை அடிக்கடி காலிசெய்ய வைப்பார்களாம். புளித்தண்ணீர் கொடுத்ததையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள், அந்த அமிலம் புளியில் நிறைய இருக்கிறது என்றார். "ஆனா உங்க நாய் போனது அதனால இல்ல சார். அது அத்தனை சீக்கிரம் கொல்லாது." ஆச்சி கொட்டாங்கச்சியைப் பிடித்த கை என் கண்முன் வந்தது. தன் தூக்கத்தை விட்டுவிட்டு அந்த ராத்திரியில் மணிக்காக எழுந்து வந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் சொன்ன காரணம் தவறு. சொறி உண்ணிப்பூச்சி வகையால் வருவது, இனிப்பால் அல்ல. ஆனால் அவள் போட்ட கட்டுப்பாடு சரி. நெய் தங்காது என்றதும் சரி. அதிகக் கொழுப்புத் தின்ற நாய்க்குக் கணையம் வீங்கும், கோகோ தூளே இல்லாத வெள்ளைச் சாக்லேட்டுகூட அதனால் ஆகாது என்று மருத்துவர் சொன்னார். ஆச்சியின் பேச்சை நாங்கள் கேட்டிருந்தால் போதும், காரணம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

பொட்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மகள் அலமாரியை மாற்றினாள். கோகோ தூள், கறுப்புக் கட்டி, திராட்சை போட்ட சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாத சூயிங்கம் எல்லாம் மேல்தட்டில் மூடிய டப்பாவுக்குப் போயின. சைலிட்டால் நாயின் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடுமாம். அவள் தோழிகள் சிலர், எங்க நாய் தினமும் சாக்லேட் தின்னுது, ஒண்ணும் ஆகல என்றார்கள். அது அப்பாவின் குரல். அவர்களிடம் நான் கணக்கைத்தான் சொல்கிறேன். பால் சாக்லேட்டில் கிராமுக்கு இரண்டு மில்லிகிராம்தான். பன்னிரண்டு கிலோ நாய் ஒரு சின்னத் துண்டு தின்றால் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதே வீட்டில் மூன்று கிலோ பொமரேனியன் இருந்தால் முப்பது கிராம் பால் சாக்லேட்டிலேயே தொந்தரவு தொடங்கும். கறுத்ததாக இருந்தால் பன்னிரண்டு கிராம் போதும். கோகோ தூளில் கிராமுக்கு 20 மில்லிகிராம் இருக்கும். பொட்டு 40 கிராம் தின்றிருந்தாள். அவள் பன்னிரண்டு கிலோ. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் மணிக்குப் போனதைவிட அதிகம். அவள் உயிரோடு இருப்பதற்கு என் மகளின் அரைமணி நேர ஓட்டத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. நாய்க்குச் சாக்லேட் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், கொடுக்கக் கூடாது என்பேன். கொஞ்சமாவது என்று கேட்டால், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் தெரியுமா என்று கேட்பேன்.

போன தை மாதம் கோவில்பட்டிக்குப் போனேன். எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம். எதிர்வீடு அப்படியே இருந்தது. பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. திண்ணையில் கட்டில். கட்டிலுக்கு அடியில் ஒரு கறுத்த நாய் சுருண்டு கிடந்தது. நான் யார் என்று சொன்னதும் வெகுநேரம் முகத்தைப் பார்த்தார்கள். "வாய்யா" என்றார்கள். அந்த வாசலில் எனக்கு அந்தச் சொல் கிடைத்து நாற்பது வருஷம் ஆகிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கொண்டுவந்த கட்டி, பின்வாசல் படி, டாக்டர் போட்ட கணக்கு. மருந்து வைத்தது நான்தான் பெரியம்மா, தெரியாமல் வைத்துவிட்டேன் என்றேன். அம்மாவுக்காகவும் ஆச்சிக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வேறெதையோ நினைவில் தேடுவதுபோல் இருந்தது.

"நீ கொண்டாந்து கொடுத்தியே அந்த மிட்டாய்" என்றார்கள். "ரெண்டு துண்டு. கறுப்பா இருந்துச்சு."

"ஆமா."

"வாய்ல வைக்க முடியல. ஒரே கசப்பு. பிள்ளைகளும் வேண்டாம்னுட்டுக. மறுநா மத்தியானம் ஒங்க மணிதான் இங்கன வந்து நின்னான். கோழியப் பிடிச்ச பய, இருந்தாலும் வந்து வால ஆட்டுனா என்ன செய்ய? அவனுக்குத்தான் போட்டேன்." அவர்கள் குரல் இறங்கியது. "அப்போ நானுந்தானாய்யா? அம்மன் முன்னால கற்பூரத்த அணைச்சேனே."

நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். மருத்துவர் சீட்டில் போட்ட கணக்கை மறுபடி போட்டேன், இந்தமுறை வாய்விட்டு. இரண்டு துண்டு, துண்டுக்குப் பத்துக் கிராம் என்றாலும் இருபது. அதில் நூறு மில்லிகிராம். மணி பதினைந்து கிலோ. கிலோவுக்கு ஏழுகூட வரவில்லை. இருபதுக்குமேல் போனால்தான் தொந்தரவே தொடங்கும்.

"நீங்க போட்டதுல அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது பெரியம்மா. அது வேற கணக்கு."

"ஏழுதானா?"

"ஏழுகூட இல்ல."

அவர்கள் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தார்கள். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் மூடிவைத்திருந்த கிண்ணத்தை எடுத்து, அதிலிருந்த இட்லியைப் பிட்டு, கட்டிலுக்குக் கீழே கையைத் தொங்கவிட்டார்கள். கறுத்த நாய் எழுந்து வந்து அவர்கள் விரல்களிலிருந்து அதை மெதுவாக எடுத்துக்கொண்டது.

"இட்லி திங்கலாமில்லா?" என்று கேட்டார்கள்.

"திங்கலாம்" என்றேன்.